கோழிக்கென்று கொடுத்த அரிசி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரவே வேண்டாம் என்று இருக்கும் எனக்கு. பால் சொசைட்டிக்கு மேல்மாடியில் கேரள எல்லையோரத்து எங்கள் ஊர் கிளப்பின் கூட்டம் அன்றைக்குத்தான். கண் சிகிச்சை முகாம் நடத்துகிற, பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வாங்கிக் கொடுக்கிற, மழைக்காலத்தில் போர்வை கொடுக்கிற சேவை கிளப். நான் அதில் ஒரு மெம்பர். இதைச் சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்கக்கூடப் பக்கத்தில் நிற்பவளைக் கேட்கச் சொல்கிறவள்.

என் வீட்டுக்காரர் அந்த கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அவர் இருந்தபோது நானும் கூடப் போவேன். பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்போம். கூட்டம் முடிந்ததும் டீ ஊற்றிக் கொடுப்பது, வடையைத் தட்டில் எடுத்து வைப்பது, அப்புறம் ஊர்க் கதை. வாரம் ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வரும். எங்கள் முறை வந்தால் நான் கச்சாயம் சுட்டு எடுத்துப் போவேன். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அவர் போன பிறகு கிளப்பிலிருந்து வந்தார்கள். "அவரு நாற்காலியை நாங்க வேற ஆருக்கும் குடுக்கறதில்லைங்க. நீங்கதான் வந்து உக்காரோணும்" என்றார்கள். கஞ்சிக்கோட்டில் கம்பெனியில் வேலை பார்க்கிற என் மகனும், "போயிட்டு வாம்மா, ஊட்டுலயே கெடந்து செவுத்தையா பாத்துட்டிருப்ப?" என்றான். சரி என்று போனேன். நாற்காலியோடு அவருடைய வாயும் எனக்கு வந்து சேரும் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் மணியடித்துப் பிரார்த்தனை முடிந்ததும், ஒவ்வொருவரும் எழுந்து நின்று அந்த வாரத்தில் நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். பேத்தி நடக்கப் பழகினாள் என்பார் ஒருவர். காணாமல் போன கன்றுக்குட்டி தானாக வந்து சேர்ந்தது என்பார் இன்னொருவர். சொன்னதும் எல்லாரும் கை தட்டுவார்கள். அப்புறம்தான் டீ. என் வீட்டுக்காரர் எழுந்தால் எல்லாரும் அப்போதே சிரிக்கத் தயாராக இருப்பார்கள். "இந்த வாரம் எங்கூட்டுக்காரி ரசத்துல உப்புச் செரியாப் போட்டாளுங்க" என்பார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன்.

என் முறை வரும்போது நான் எழுந்து, "எல்லாரும் சௌக்கியமுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒவ்வொரு வாரமும் அதேதான். பெயருக்குக் கொஞ்சம் கை தட்டுவார்கள். உரக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், என் வீட்டுக்காரரின் தோழர், கிண்டல்காரர். "ஏனுங்கக்கா, இது போன வாரத்துச் சௌக்கியமுங்களா, புதுசுங்களா?" என்பார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்குப் பின்னால் ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் வீடு. கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் அண்ணன் மனைவி. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த அன்றைக்கு, கூட்டத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள்தான் வந்து என் கையைப் பிடித்து, "வா புள்ள, ஆரும் கடிச்சுத் திங்கமாட்டாங்க" என்று உள்ளே கூட்டிப் போனாள். இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகும் அவளுக்கு நான் புள்ளதான். எனக்கு யாரிடமாவது வாய் திறக்கும் என்றால் அவளிடம் மட்டும்தான்.

அவர்களுடையது தோப்பு வீடு. எங்களைவிட வசதியாக இருந்தவர்கள். போர்க்கிணறு வற்றியது. புதுப் போர் போட்டார்கள், அதிலும் புழுதிதான் வந்தது. தென்னை ஒவ்வொன்றாக மண்டை காய்ந்து மொட்டையாக நின்றது. அண்ணன் ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து போய்ச் சேர்ந்தார். ஒரே மகளைப் பொள்ளாச்சிப் பக்கம் பெரிய இடத்தில் கொடுத்திருந்தார்கள். மகளிடம் கையேந்தினால் சம்மந்தி வீட்டில் தலை தாழும் என்று அக்கா அந்தப் பக்கமே வாய் திறக்கவில்லை. காடு, அந்த நிலம், அவள் பேரில் இருப்பதால் ரேஷன் கார்டும் வசதிக்காரர்களுக்கு உள்ள கார்டு. பொட்டல் காட்டில் என்ன விளையும் என்று கார்டு கொடுப்பவர்கள் வந்து பார்க்கப் போவதில்லை.

"சோறுண்டாச்சுங்களாக்கா?" என்று வேலியிலிருந்து கேட்பேன். "ஆச்சு புள்ள" என்று சொல்லிக்கொண்டே வெற்றிலையைக் கிள்ளி வாயில் போடுவாள். வெற்றிலை போட்டுவிட்டால் சாப்பிட்டவள் என்று ஆகிவிடுகிறது அல்லவா. காலையிலும் வெற்றிலை, உச்சிப் பொழுதிலும் வெற்றிலை என்று கண்ட பிறகுதான் எனக்கு மெதுவாகப் புரிந்தது.

அரிசி வேண்டுமா என்று அவளிடம் கேட்க என்னால் முடியாது. கேட்டால் வேலிக்கு வருவதையே நிறுத்திவிடுவாள். ஒரு நாள் மில்லிலிருந்து வந்த நொய்யை, உடைந்த அரிசியை, போசி என்கிற சின்னப் பாத்திரத்தில் போட்டு எடுத்துப் போனேன். "நொய்யி நெறைய நின்னுபோச்சுங்கக்கா. எங்க கோழிக்கு இத்தனை ஆகாது. உங்க கோழிக்குப் போடுங்க" என்றேன்.

"கோழிக்குத்தானே, குடு" என்று வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் போசி திரும்பி வந்தது, உள்ளே ஒரு கட்டு முருங்கைக் கீரை. வெறும் போசியைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் நொய்தான் கொடுத்தேன். பிறகு நொய்யில் நல்ல அரிசியைக் கலந்தேன். பிறகு முழுக்க நல்ல அரிசி. அவள் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. இடையில் அவள் வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. கடைசிச் சேவலும் போன பிறகு கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கொடாப்பு மட்டும் வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அப்போதும் நான், "கோழிக்குப் போடுங்கக்கா" என்பேன். அவளும், "ஆமா புள்ள, பசியில கத்தீட்டுக் கெடக்குதுக" என்பாள். இரண்டு பேரும் கொடாப்புப் பக்கம் திரும்ப மாட்டோம். கீரை வரும், எலுமிச்சம்பழம் வரும், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வரும். அதை நான் வாங்கிக் குழம்பில் போடுவேன். அவள் மரத்துக் கறிவேப்பிலை நல்ல மணம்.

இப்படி இருந்ததைத்தான் நான் கெடுத்தேன்.

கிளப்புக்கு அந்த வருஷம் ஒரு பெண் தலைவராக வந்தார். பேங்கில் வேலை. மலையாளக்காரர், எங்களுக்காகத் தமிழை எப்படியோ சேர்த்துப் பேசுவார். என்னை எப்படியாவது பேச வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. நல்ல மனசுக்காரர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வேறொரு ஊர் கிளப்பிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் எழுந்து, வீடு கட்டிக் கொடுத்தோம், ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்தோம் என்று சொன்னார்கள். எங்கள் ஆட்களும் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். என் முறை வந்தது. "எல்லாரும் சௌக்கியமுங்க" என்று சொல்லிவிட்டு உட்காரப் போனேன்.

தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது போதாது அம்மா. அம்மா யாருக்காவது ஒரு உபகாரம் செய்திருக்குமில்லே? அது பறயுங்கோ. சின்னதா இருந்தாலும் மதி, போதும்" என்றார்.

"அக்கா பேசுனா இன்னைக்கு மழை வந்துருமுங்க, கொடை இல்லாதவங்க முன்னாலயே போயிருங்க" என்றார் உரக்கடைக்காரர். விருந்தாளிகளும் சிரித்தார்கள்.

வாய் தவறி வந்துவிட்டது என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. எனக்கும் ஒரு நாள் கைதட்டல் வேண்டியிருந்தது.

"எங்கூட்டுக்குப் பொறத்தால ஒரு அக்கா இருக்கறாங்க. சோத்துக்குக் கஷ்டமுங்க. வாரவாரம் நான் அரிசி குடுக்கறேன். கோழிக்குன்னு சொல்லித்தான் குடுப்பேனுங்க. இல்லீன்னா அவுங்களுக்குக் கூச்சமாப் போயிருமில்லீங்களா, அதுக்காக" என்றேன்.

அரிசி கொடுத்ததைச் சொன்னது மட்டும் இல்லை. மறைத்துக் கொடுத்ததையும் சொல்லிவிட்டேன். அந்த மறைப்புக்குத்தான் கைதட்டல் பலமாக வந்தது. விருந்தாளிகளில் ஒரு பெரியவர் எழுந்து நின்றே தட்டினார். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அன்றைக்கு வடை எனக்கு ருசித்தது. இன்னொன்று வேண்டுமா என்று கேட்டபோது வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்குக் கூசுகிறது.

டீ குடிக்கும்போதே எல்லாம் முடிவாகிவிட்டது. "அம்மா தனியே சுமக்க வேண்டா. நாங்க எல்லாம் உண்டில்லே. ஞாயிற்றுக்கிழமை நாங்க அந்த வீட்டுக்கு வரும்" என்றார் தலைவர். எந்த வீடு என்று கேட்டார்கள். நான் சொல்வதற்குள் உரக்கடைக்காரர், "தோப்பூட்டு அக்காதானுங்களே?" என்றார், கிண்டல் இல்லாத குரலில். நான் தலையை ஆட்டினேன். வேண்டாமுங்க என்றும் சொன்னேன். டீ தம்ளருக்குள் சொன்னால் யாருக்குக் கேட்கும்?

சனிக்கிழமை முழுக்க வேலிக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். "என்ன புள்ள, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது? மகன் ஏதாச்சும் சொன்னானா?" என்று அவளே கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். போசியில் அரிசியைக் கொடுத்து, கோழிக்குப் போடுங்கக்கா என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஜீப்பும் இரண்டு காரும் வந்தன. என்னையும் கூட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனார்கள். எத்தனையோ வருஷமாக வேலிச் சந்து வழியாகப் போய் வந்த வீட்டுக்கு நான் சுற்றிக்கொண்டு போனேன். அரிசி மூட்டையின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தார்கள், போட்டோவுக்காக.

வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் அக்கா அவசரமாகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க, வாங்க, உள்ள வாங்க. வெயில்ல நிக்கறீங்க. ஆரூட்டுல கல்யாணமுங்க?" என்றாள். பத்திரிகை வைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். ஓடிப் போய்ப் பாயை எடுத்துவந்து உதறி விரித்தாள்.

அதற்குள் பேனரை விரித்துப் பிடித்தார்கள். மலையாளத்தில் எழுதியிருந்தது. என்ன எழுதியிருந்தது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் அரிசி மூட்டை தெரிந்தது. பருப்பு, எண்ணெய், சோப்பு வைத்த பை தெரிந்தது. தலைவர் இரண்டு கையையும் கூப்பி, அம்மாவுடைய கஷ்டத்தை இந்த அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது என்று அன்பாகச் சொன்னார்.

அக்கா என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "இதெல்லாம் எதுக்குங்க. எங்கூட்டுல சோத்துக்குக் கொறச்சல் ஒண்ணுமில்லீங்க. இந்தப் புள்ள குடுக்கறது கோழிக்குங்க" என்றாள்.

போட்டோ எடுக்க ஸ்டுடியோக்காரர் வந்திருந்தார். கூட்டத்தில் நான் பேசியபோது அவர் இல்லை. சொன்னதை அப்படியே நம்பி, "அப்படீங்களா, கோழி எங்கீங்கம்மா? கோழிக்குப் போடற மாதிரி ஒண்ணு எடுத்தா நல்லா இருக்கும்" என்றார்.

கொடாப்பு அங்கேயே கவிழ்ந்து கிடந்தது, மேலே சிலந்தி வலை. அக்கா மறுபடியும் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை கேட்கிற பார்வை. மேயப் போயிருக்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்காகப் பொய் சொல்ல எனக்குத் தெரியாததா? வாரவாரம் சொன்ன பொய்தான். கூட்டம் இருந்தது, கேமரா இருந்தது. நான் மூட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"கோழி இந்நேரத்துக்கு ஊட்டுலயா இருக்கும்? மேயப் போயிருக்குமப்பா. நீ எடுக்கறதைச் சீக்கிரமா எடு" என்று உரக்கடைக்காரர்தான் சொன்னார்.

வாங்க மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். வாசலுக்கு வந்தவர்களை அப்படி அனுப்ப அவளுக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டாள். போட்டோவுக்கு நின்றாள். பிறகு உள்ளே போய் எலுமிச்சம்பழத் தண்ணீர் கலந்து, எல்லாருக்கும் தம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை இல்லை, உப்புத்தான். "வெயிலுக்கு உப்புப் போட்டாத்தானுங்க நல்லது" என்றாள். என்னிடம் வந்தபோது தம்ளரை நீட்டி, "நீங்களும் குடிங்க" என்றாள்.

அவள் வாயிலிருந்து எனக்கு 'நீங்க' வந்தது அதுதான் முதல் தடவை. குடித்தேன். உப்புக் கரித்தது.

அந்தப் போட்டோ கிளப்பின் வாட்ஸாப்பில் வந்தது. அங்கிருந்து யார் யாருக்கோ போய்ப் பொள்ளாச்சிக்கும் போய்ச் சேர்ந்தது. சில நாளில் மகள் வந்தாள். நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வேலி தாண்டிக் குரல் கேட்டது.

"கிளப்புல அரிசி வாங்கித் திங்கற ஊட்டுலயா பொண்ணெடுத்தோம்னு எங்க மாமியா ஒறம்பரைச் சனங்க முன்னால வெச்சுக் கேக்கறாங்கம்மா. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நான் எங்கடி கேட்டேன்? அது கோழிக்குக் குடுத்தது."

"கோழி எங்கம்மா இருக்குது? எங்க இருக்குது, காட்டு!"

ஈரச் சேலையைப் பிழியாமல் கையில் பிடித்தபடி கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றேன். திரும்பிப் போகும்போது அந்தப் பெண் வேலிப் பக்கம் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "எங்கம்மாளை நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சுத்தானுங்க சின்னம்மா நான் அங்க நிம்மதியா இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பேங்குக்குப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும், போட்டோவை எடுத்துவிடச் சொல்லித் தலைவரிடம் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. அங்கேயே போனை எடுத்து அழித்தார். "பக்ஷே எல்லார் போனிலும் போயிடுச்சல்லோ அம்மா" என்றார். கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு வேண்டான்னு ஒரு வார்த்தை பறஞ்சிருந்தா நான் நிறுத்தியிருக்குமே" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

போசி அக்கா வீட்டிலேயே இருந்தது. நான் வேறொரு பாத்திரத்தில் அரிசி எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். "கோழிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"கோழி இல்லீங்க. வேண்டாமுங்க" என்றாள். சொல்லிவிட்டு வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டாள்.

இல்லாத கோழியை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எத்தனை நாள் வளர்த்தோம். அன்றைக்கு அதுவும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள், அதற்குப் பேச வேண்டும். மற்றவர்கள் நல்ல காரியம் சொல்லும்போது முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்பேன். இப்போது, யாருக்காவது எதையாவது கொடுத்தோம் என்று ஒருவர் சொன்னால், வாங்கியவர் வீட்டு வாசல் என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. பாயை உதறி விரிக்கிறார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கோழி ஒன்று அந்தச் சமயத்தில் அடைக்கு உட்கார்ந்தது. எங்கள் பக்கம் கோழியைப் பங்குக்கு விடுவது உண்டு. கோழி ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர். பொரிக்கிற குஞ்சில் பாதி இவர்களுக்கு, பாதி அவர்களுக்கு. யாரும் யாருக்கும் தானம் செய்வதில்லை. இது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். கோழியையும் முட்டைகளையும் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு சந்து வழியாகப் போனேன்.

"எங்கூட்டுல கீரிப்பிள்ளைத் தொந்தரவுங்கக்கா. இதைப் பங்குக்கு வெச்சுக்குவீங்களா?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் கோழியை வாங்கி, சந்தையில் பார்ப்பதுபோல இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள். இறகுக்குள் பேன் இருக்கிறதா என்று அடிவயிற்றில் ஊதிப் பார்த்தாள். "தெள்ளுப் புடிச்சிருக்குது" என்றாள். பிறகு, "தீனி ஆருதுங்க?" என்று கேட்டாள்.

என்னுடையது என்று சொல்லத்தான் வாய் வந்தது. நல்லவேளை, எனக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். "வளக்கறவங்களுதுங்கக்கா. அதுதானே வழக்கம்" என்றேன்.

"அப்பச் செரி" என்றாள். கொடாப்பின் மேல் இருந்த சிலந்தி வலையைத் துடைப்பத்தால் தட்டினாள். நான் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கேட்டாள்: "இதையும் வெள்ளிக்கிழமை போயிச் சொல்லுவீங்களா?"

நான் திரும்பிப் பார்க்காமல் சந்தில் நுழைந்தேன்.

குஞ்சு பொரித்த பிறகு தினமும் அவள் வாசலிலிருந்து கோழியைக் கூப்பிடும் சத்தம் கேட்கும். ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முறத்திலிருந்து அள்ளி வீசிக்கொண்டிருந்தாள். நொய் இல்லை, முழு அரிசி, வெள்ளை வெளேரென்று. பக்கத்தில் கிளப் கொடுத்த மூட்டை வாய் பிரித்திருந்தது. அவள் அதில் ஒரு பிடிகூட உலையில் போட்டிருக்க மாட்டாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. கோழிக்குத்தான் என்று சொன்னாள் அல்லவா, கோழிக்கே போட்டுக்கொண்டிருந்தாள். அப்படியானால் அவள் என்ன சாப்பிடுகிறாள்? என் அரிசியும் அங்கே போகவில்லை, கிளப் அரிசியும் அவள் வயிற்றுக்குள் இறங்கவில்லை. வாயில் வெற்றிலை இருந்தது. நான் வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தேன், பிசைந்துகொண்டே இருந்தேன்.

குஞ்சுகள் தாயை விட்டுத் தனியாக மேய ஆரம்பித்ததும் அவளே வந்தாள். ஒரு கையில் கூடை, உள்ளே என் பங்குக் குஞ்சுகள். இன்னொரு கையில் என் போசி. உள்ளே வாங்கக்கா என்றேன். "இருக்கட்டுங்க" என்று சந்திலேயே நின்றுகொண்டாள்.

"பாத்துக்குங்க. சேவல் எது, பொட்டை எதுன்னு இப்பத் தெரியாது. கண்ணை மூடிப் பிரிச்சதுதான். ஒசத்தி மட்டம் பாக்குலீங்க" என்றாள்.

போசியை வாங்கினேன். உள்ளே முருங்கைக் கீரை இருந்தது. என் மேல் அத்தனை வருத்தம் இருந்தும் வெறும் போசியைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. கீரையை மடியில் கொட்டிக்கொண்டு, போசியை வைத்துக்கொண்டு நின்றேன். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "அக்கா, நொய்யி..." என்று மட்டும் வந்தது.

அவள் சந்துக்கு வெளியே பார்த்தாள். அவள் வாசலில் கோழியும் குஞ்சும் சீய்த்துக்கொண்டிருந்தன.

"கிளப்பு மூட்டை தீந்துபோச்சு" என்றாள். "இப்பத்தான் கோழி இருக்குதுங்களே. அதுக்குன்னாக் குடுங்க."

உள்ளே ஓடினேன். என் வயதில் ஓடக் கூடாது, ஓடினேன். நல்ல அரிசியைப் போசி நிறைய அள்ளினேன். அள்ளிய பிறகு, மேலே ஒரு கை நொய்யைத் தூவினேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது இரண்டு பேரும் அந்த நொய்யைத்தான் பார்த்தோம். வாங்கிக்கொண்டு போனாள். இன்னும் அவள் என்னைப் புள்ள என்று கூப்பிடவில்லை. வாங்க, போங்க என்றுதான் பேசுகிறாள். அந்த மரியாதை ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று குத்துகிறது. குத்தட்டும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுப் பலகாரம். கச்சாயம் சுட்டு எடுத்துப் போனேன். மணியடித்தார்கள், பிரார்த்தனை முடிந்தது, நல்ல காரியங்கள் ஒவ்வொன்றாக வந்தன. என் முறை வந்தது. எழுந்து நின்றேன்.

"எல்லாரும் சௌக்கியமுங்க" என்றேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். "வேறொன்றும் இல்லையா அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். உரக்கடைக்காரர் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. பெயருக்குக் கொஞ்சம் கை தட்டினார்கள். நான் என் வீட்டுக்காரருடைய நாற்காலியில் உட்கார்ந்து, டீ வரட்டும் என்று காத்திருந்தேன்.